ஜூன் 20-ல் கூடலூருக்கு அணியை அனுப்பாதீர்கள்: ஒரு திறந்த மடல்

இளைஞர் தன்னார்வலர் அணிகளை ஓராண்டுப் பணிக்கு வெளியூர் அனுப்பும் அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கு,

இந்த ஆண்டு நீலகிரி மாவட்டக் கூடலூர் அணிக்காக நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையைப் படித்தோம். எட்டுப் பேர் ஜூன் 20 அன்று ஊருக்கு வந்துவிட வேண்டும். வீட்டை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். ஊர் பழகுவதற்கு முன்பெல்லாம் பத்து நாள் கொடுத்தீர்கள், இப்போது இரண்டே நாள். ஜூன் 23 முதல் மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை பாடிகளிலும் (ஆதிவாசிக் குடியிருப்புகள்) தோட்ட லைன்களிலும் (தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகள்) படிப்பு மையம் நடத்த வேண்டும். முதல் மாத உதவித்தொகை ஜூலைக் கடைசியில் வரும். இந்த ஐந்தில் ஒன்றைக்கூட எங்களால் ஏற்க முடியவில்லை. அலுவலகத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அதனால் பொதுவில் எழுதுகிறோம்.

வெளியூரிலிருந்து வரும் அணிகளுக்குக் கூடலூரில் வீடு பார்த்துக் கொடுப்பது, கேஸ் ஏற்பாடு செய்வது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, அணிக்குள் சண்டை வந்தால் உட்கார்ந்து பேசுவது எல்லாம் செய்துவரும் ஊர்ப் பொறுப்பாளர்கள் நாங்கள். இங்கே எழுதுவது அனைத்தும் அந்த வேலையில் கண்டது.

முதலில் மாலை நேரம். இதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது.

ஜூன் மாதத்தில் கூடலூரில் சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகும். ஆனால் மழை மேகம் இறங்கிவிட்டால் ஆறு மணிக்கே இருட்டு. எட்டு மணிக்கு மையம் முடிந்து அணிப் பிள்ளைகள் வீடு திரும்பும் வழி தேயிலைக்குள் போகும் மண்பாதை, ஒரு கிலோமீட்டரோ இரண்டோ இருக்கும். யானை நடமாட்டம் உள்ள பாதை அது. வறண்ட மாதங்களில் கிளை ஒடியும் சத்தமாவது முன்கூட்டிக் கேட்கும். மழையில் அதுவும் கேட்காது. தேயிலைச் சரிவில் அசையாமல் நிற்கும் யானை பத்தடிக்குள் வரும்வரை பாறை மாதிரிதான் தெரியும். கைப்பேசி டார்ச் நாலடிக்கு மேல் உதவாது. இந்த ஊரிலேயே பிறந்தவர்கள் இருட்டிய பின் வெளியே போக வேண்டியிருந்தால், கிளம்பும் முன் டீக்கடையில் "ஆனை எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். முடிந்தால் ஜீப்பில் போவார்கள், இல்லாவிட்டால் போகவே மாட்டார்கள். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாத பிள்ளைகளை மூன்றாவது நாளே அந்தப் பாதையில் விடச் சொல்கிறது உங்கள் அட்டவணை.

மாற்று வழி இருக்கிறது, கடினமானதும் இல்லை. பள்ளி விட்டதும் அங்கேயே 4.15 முதல் 5.15 வரை ஒரு மணி நேரம், தலைமையாசிரியரின் எழுத்து அனுமதியோடு. சனி, ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை பாடியிலேயே. வார இறுதியில் மட்டும் ஆறு மணி நேரம் கிடைக்கிறது. உங்கள் அட்டவணைப்படி வாரம் ஐந்து மாலை, பத்து மணி நேரம். ஆனால் மழைக் காலத்தில் அந்தப் பத்தில் பாதிக்கு மேல் நடந்து நாங்கள் பார்த்ததில்லை. மின்சாரம் இருக்காது, பிள்ளைகள் நனைந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள், பெற்றோர் வெளியே விடவே தயங்குவார்கள். ஆறு மணி நேரம் ஒழுங்காக நடந்தால் போதும்.

அடுத்தது தேதி. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தில் இறங்கினால் சில நாட்களில் இங்கே வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் பக்கத்து ஊர்களான தேவாலா, பந்தலூர் பெயர்கள் ஆண்டுதோறும் மேலே நிற்பதைச் செய்தியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதே மாவட்டத்தில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. ஜூன் 20-ல் வருகிறவர்களுக்கு வெயில் பார்க்காமலேயே முதல் மூன்று மாதம் போய்விடும். வீடு பார்ப்பது, வழி தெரிந்துகொள்வது, ஆட்களைப் பழகுவது மூன்றையும் குடைக்குள் நின்று செய்ய வேண்டும்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் அனுப்பினால் மழைக்கு முன் ஆறு வாரம் கிடைக்கும். அது முடியாதென்றால் அக்டோபரில் அனுப்புங்கள். வடகிழக்கு மழை இங்கேயும் உண்டு, ஆனால் அதில் ஒரு வீட்டையாவது நின்று பார்க்க முடியும். கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது என்று சொல்வீர்கள். ஜூனில் வந்த அணிகள் ஆகஸ்டுக்குள் இரண்டு மூன்று பேரை இழந்ததை உங்கள் பதிவேட்டிலேயே பார்க்கலாம். ஆசையாகப் பழகிய அக்கா திடீரென்று காணாமல் போவதை ஒரு பாடியின் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு புதிதாக வருகிறவர் பக்கத்தில் போனாலும் அவர்கள் வருவதில்லை.

வந்து சேரும் நாளிலும் கவனம் வேண்டும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டி பஸ், ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியில் மண் சரியாமல் இருந்தால் மதியத்துக்குள் வந்துவிடலாம். அரசு பஸ்ஸில் வந்தால், நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் வேண்டியதில்லை. வாடகை வேனில் அனுப்புவதாக இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். மைசூர் வழி டிக்கெட் மலிவு என்று பார்த்துப் போடாதீர்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். பஸ் கொஞ்சம் தாமதமானாலும் பெட்டியோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் இரவைக் கழிக்க வேண்டும்.

இனி வீடு. "வாடகை வீடு, இரண்டு படுக்கையறை, எட்டுப் பேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். கழிப்பறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றாலும் எட்டுப் பேருக்கு 96 நிமிடம். எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டிய வீட்டில் முதல் ஆள் ஆறே முக்காலுக்கே கழிப்பறைக்குப் போக வேண்டும். அணிகளில் முதல் சண்டை கொள்கைக்காக வருவதில்லை, கழிப்பறைக்கும் கழுவாத பாத்திரத்துக்கும்தான் வருகிறது. ஒரு கழிப்பறைக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காதீர்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி வீடு, கூப்பிடு தூரத்தில். சமையல் ஒரு வீட்டில் மட்டும்.

கல்யாணமாகாத வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்க உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யார் பொறுப்பு என்று கேட்டால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தன் ஆதாரை நீட்டுகிறது, அவ்வளவுதான். அப்போது நகரத்துக்குள் வீடு அமையாது. விளிம்பில், மலிவாக, எழுத்து எதுவும் இல்லாமல் ஒரு வீடு கிடைக்கும். அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் நிறைய நிலம் 1969-ஆம் ஆண்டு ஜன்மம் (பழைய ஜமீன் மாதிரியான நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிக்கொண்டு இன்றும் தீராமல் கிடக்கிறது. அங்கே பல வீடுகளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் சொந்த மின் இணைப்பு இல்லாத வீடுகளும் உண்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு முறையான வாடகை ஒப்பந்தம் போட முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் முகவரிச் சான்று இல்லை, முகவரிச் சான்று இல்லாவிட்டால் 14.2 கிலோ கேஸ் இணைப்பு இல்லை. கடைசியில் ஐந்து கிலோ சிறிய சிலிண்டரை அடையாள அட்டை காட்டி வாங்கி வைத்துக்கொண்டு, ஐந்து நாளுக்கு ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு மழையில் அலைகிறார்கள். இது பிள்ளைகளின் திறமைக் குறைவு இல்லை. அமைப்பின் பெயரில் யாராவது முன்னால் நின்று கையெழுத்துப் போட்டிருந்தால் நகராட்சி எல்லைக்குள், மீட்டர் உள்ள வீடு கிடைத்திருக்கும்.

வீட்டை மழைக்கு முன் பார்ப்பதில் இன்னொரு வசதி. மேற்கும் தெற்கும் பார்த்த சுவர்களை வெளியிலிருந்து பாருங்கள். போன மழைக்குப் பச்சையாக ஏறிய பாசி வெயிலில் கருத்துக் கோடாக நிற்கும். முழங்கால் உயரம் என்றால் சமாளிக்கலாம். இடுப்புக்கு மேல் இருந்தால் உள்பக்கம் ஜூலையில் சுவரே வியர்க்கும், அதையொட்டி வைத்த மெத்தையில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் கையை வைத்து அழுத்துங்கள், உப்புப் பூத்த இடம் பொடியாக உதிரும். ஷீட் போட்ட கூரையில் ஆணி அடித்த ஓட்டைகளை அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஒழுகும். வாசலில் துணி காயப்போடக் கூரை இறக்கம் இருக்கிறதா, கிணறு கழிவுநீர்க் குழிக்கு மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முற்றத்தில் பலா மரம் நிற்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழம் பழுத்து மணம் கிளம்பினால் யானை வரும். மரம் இருந்தால் பிஞ்சாக இருக்கும்போதே எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும்.

அரிசிக்கும் இதே கதைதான். இந்த வயதில் ஆளுக்கு வேளைக்கு 125 கிராம் அரிசி, இரண்டு வேளைச் சோறு, எட்டுப் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ. மாதத்துக்கு 60 கிலோ என்று கணக்குப் போட்டு 25 கிலோ சிப்பம் இரண்டு மூன்று வாங்கி அடுக்களையில் அடுக்கச் சொல்கிறது உங்கள் கையேடு. சமவெளிக்கு அது சரி. இங்கே யானை இடிக்கும் சுவர் பெரும்பாலும் அரிசியும் உப்பும் இருக்கும் அறைச் சுவராகத்தான் இருக்கிறது. ஒரு நேரத்தில் பத்து கிலோவுக்கு மேல் வீட்டில் வைக்க வேண்டாம். மூடி இறுகிய டப்பாவில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாமல் உள்ளறையில் வையுங்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை வாங்குங்கள். அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

எட்டுப் பேருக்குச் சமையலோடு குளிக்க வெந்நீரும் போட்டால் 14.2 கிலோ சிலிண்டர் பதினைந்து நாள்தான் வரும். ஒரு சிலிண்டர் இணைப்பு போதாது, இரண்டு வேண்டும். குடிதண்ணீர் மழையில் கலங்கி வரும். வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடித்து, கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்க வேண்டும். பாட்டில் தண்ணீரை நம்பி வராதீர்கள், நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உள்ளது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலோடு அனுப்புங்கள். சமையல் முறையை இருவர் இருவராக வாரத்துக்கு மாற்ற வேண்டும், சமைத்தவர் அன்று பாத்திரம் கழுவக் கூடாது. பொதுச் செலவுக்கு ஒரு நோட்டு, அன்றன்று எழுதி ஞாயிறு இரவு எட்டுப் பேரும் கையெழுத்து. இந்த நோட்டு இல்லாத அணிகள் இரண்டாம் மாதமே பிளவுபட்டிருக்கின்றன.

பெட்டியில் என்ன எடுத்து வர வேண்டும் என்ற பட்டியலில் ஜீன்ஸ் இரண்டு என்று போட்டிருக்கிறீர்கள். ஜூலையில் ஜீன்ஸ் காய நான்கு நாள் ஆகும். சீக்கிரம் காயும் மெல்லிய துணி நான்கு செட், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதற்குள் போட நெருக்கமாக நெய்த நீளமான காட்டன் உறை, குடை, நல்ல டார்ச். அந்த உறை அட்டைக்காக. அட்டை கடித்தால் பிய்த்து இழுக்கக் கூடாது, நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து வாய்ப்பக்கம் நகர்த்தினால் விட்டுவிடும். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு சுரப்பை விடுவதால் வெகுநேரம் ஒழுகும். சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்திப் பிடித்தால் போதும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. சேற்றிலும் தேங்கிய நீரிலும் நடந்தவருக்கு இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றால் அரசு மருத்துவமனைக்குப் போய், நடந்த இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மருத்துவருக்கு எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும். மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. மரம் விழுந்து சாலை அடைபட்டால் 108 வர நேரமாகும், எனவே இரவில் எடுக்கக்கூடிய ஜீப் டிரைவர் இருவரின் எண் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஊர் பழகும் பத்து நாளை இரண்டாகக் குறைத்ததுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம். அந்தப் பத்து நாளை ஓய்வு என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்த நாட்களில் நடப்பது இதுதான். முதல் இரண்டு நாள் வீடு, கேஸ், கடை. மூன்றாம் நாள் காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எட்டுப் பேரின் விவரம் கொடுத்து, அந்தப் பகுதி யானை விரட்டும் காவலரை நேரில் பார்த்து எண் வாங்குவது. நான்காம் நாளிலிருந்து பணி செய்யப்போகும் பாடிகளுக்கும் லைன்களுக்கும் நடப்பது. கையில் நோட்டு இல்லை, கேமரா இல்லை, பிள்ளைகளுக்கு மிட்டாய் இல்லை. முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்து, வரலாமா என்று கேட்டு, வரச்சொன்ன நாளில் போவது.

இந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வாய் திறக்க முடியாது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர் என்று ஆதிவாசி மக்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொழி, தனித்தனி வழக்கம். கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலக்கும், கன்னடமும் காதில் விழும். தோட்டங்களில் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்கள். அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. லைனில் ஒரு பாட்டியிடம் போய் "உங்க சொந்த ஊர் எது?" என்று கேட்பது சென்னையில் சாதாரணக் கேள்வி. இங்கே அந்தப் பாட்டிக்கு அது எந்த ஊர் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பிறந்தது கண்டிப் பக்கம், தாத்தா போனது திருச்சிப் பக்கமிருந்து, ஐம்பது வருடமாக இருப்பது இந்த லைனில். ஓய்வு பெற்றால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டுமே என்ற கவலை வேறு. இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்காமல் தேயிலையைப் பற்றிக் கேட்கும்.

பணியர் பிள்ளை வீட்டில் பணிய மொழி பேசுகிறது. பள்ளியில் உள்ள தமிழ் அதற்கு இரண்டாவது மொழி. "பதில் சொல்லாத பிள்ளை" என்று தன்னார்வலர்கள் அறிக்கையில் எழுதுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வா, உட்கார், தண்ணீர், பசிக்கிறதா, அப்புறம், தெரியவில்லை என்பது மாதிரி ஐம்பது சொற்களை அந்த மொழியில் கற்க ஐந்து நாள் போதும். கற்றுத்தரப் பாடியிலேயே ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் தோட்டக் கூலிக்குக் குறையாத தொகை கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லி அவர்களிடம் இலவசமாக வாங்கக் கூடாது.

உதவித்தொகையைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை. முன்பணமும் கேஸ் வைப்புத்தொகையும் பாத்திரமும் முதல் வாரத்திலேயே வாங்க வேண்டியவை. தொகை ஜூலைக் கடைசியில் வந்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் தாக்குப்பிடிக்கும். மற்றவர்கள் கூட இருப்பவரிடம் கடன் வாங்கி, அந்தக் கடனோடே ஒரு வருடம் ஒரே வீட்டில் இருப்பார்கள்.

எனவே நாங்கள் கேட்பது இவை.

மாலை 6 முதல் 8 மணி மையங்களை இந்தச் சுற்றறிக்கையிலிருந்து உடனே நீக்குங்கள். இதற்கு மட்டும் கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி விட்ட ஒரு மணி நேரமும் சனி, ஞாயிறு காலையும் என்று மாற்றி எழுதுங்கள். இருட்டுவதற்கு முன் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் விதியாக்குங்கள்.

ஜூன் 20 பயணத்தை நிறுத்தி அணியை அக்டோபருக்குத் தள்ளுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஏப்ரல் கடைசி வாரத்தில் அனுப்புங்கள். அணி வருவதற்கு இரண்டு வாரம் முன்பு உங்கள் அலுவலக ஊழியர் ஒருவரும் அணியில் ஒருவரும் இங்கே வந்து எங்களோடு வீடு பார்க்க வேண்டும். நகராட்சி எல்லைக்குள், சொந்த மீட்டர் உள்ள இரண்டு வீடுகளை அமைப்பின் பெயரில் ஒப்பந்தம் போட்டு எடுங்கள், முன்பணத்தை அமைப்பே கட்டட்டும், கேஸ் இணைப்பும் அமைப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஊர் பழகும் பத்து நாளைத் திருப்பிக் கொடுங்கள், அந்த நாட்களைப் பணி நாளாகவே கணக்கில் எடுங்கள். முதல் மாத உதவித்தொகையைப் பயணத்துக்கு முன்பே அவர்கள் கணக்கில் போடுங்கள். மொழி கற்றுத்தரும் பாடிப் பெரியவர்களின் ஐந்து நாள் கூலியைப் பட்ஜெட்டில் தனித் தலைப்பாகச் சேருங்கள்.

ஜூன் 10-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மாலை மையம் குறித்த மாற்றம் அதற்குள் வராவிட்டால், இந்த ஆண்டு அணிக்கு ஊர்ப் பொறுப்பாளர்களாக நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம், அதன் காரணத்தைத் தேர்வான எட்டுப் பேரின் பெற்றோருக்கும் தெரிவிப்போம். நேரில் பேச வருவதாக இருந்தால் எந்த நாளும் வாருங்கள். மதியத்துக்குள் வந்து சேரும்படி கிளம்புங்கள், பாதையைப் பகல் வெளிச்சத்தில் நடந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கூடலூர் வட்டாரத் தன்னார்வலர் அணிகளின் ஊர்ப் பொறுப்பாளர்கள்